சங்கராபுரம் போகும் பேருந்தில்

சென்ற தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு, தோளில் ஒரு பையோடு சங்கராபுரத்துக்குப் புறப்பட்டோம். மறைந்த நம் தம்பியின் மகள் அங்கே வாடகை வீட்டில் தங்கி, மலையடிவாரத்து ஊர் ஒன்றின் சுகாதார நிலையத்தில் செவிலியராகப் பணியாற்றுகிறாள். பொங்கலுக்கு அவளுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அவளுடைய தாய் கொடுத்தனுப்பிய முறுக்கையும் ஒரு புதுப் புடவையையும் கொண்டுசேர்ப்பதே நமது பயணத்தின் நோக்கம். ஐம்பதைக் கடந்த பங்குக் குருவுக்கு இவ்விதம் ஒரு நாள் ஓய்வு கிடைப்பது அரிது. ஆகவே நல்ல மனநிலையோடுதான் புறப்பட்டோம். அம்மனநிலை கள்ளக்குறிச்சி வரையில்தான் நீடித்தது.

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் சங்கராபுரம் வண்டி புறப்படத் தயாராக நின்றது. ஏறி அமர்ந்தோம். ஓட்டுநர் தேநீர் பருகச் சென்றவர் திரும்பவில்லை. நமக்கு முன்னிருக்கையில் ஓர் இளைஞர் தமது கைப்பேசியில் ஏதோ நகைச்சுவைக் காட்சியை ஊர் முழுவதும் கேட்கும்படி ஒலிக்கவிட்டிருந்தார். பின்னிருக்கையில் ஒருவர் நிலத்தகராறு ஒன்றை மூன்றாவது முறையாகத் தொலைபேசியில் விவரித்துக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்ததும் நடத்துநர் சில்லறை கேட்டார். நம்மிடம் இருந்ததோ ஐந்நூறு ரூபாய்த் தாள். அவர் அதையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க இயலாது. மிச்சத்தைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு முன்னே சென்றார். இறங்கும்வரை அந்த மிச்சத்தைப் பற்றிய கவலை வேறு!

ஊரைத் தாண்டியதும் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். இரண்டு பெட்டிகள் நிறையக் கரும்பை ஏற்றிக்கொண்டு நடந்துபோகிறவருக்கும் வழிவிடும் வேகத்தில் அது ஊர்ந்தது. இது அரைவைக் காலம். சங்கராபுரம் வட்டத்தின் வடகோடியில், தென்பெண்ணைக் கரையில் உள்ள மூங்கில்துறைப்பட்டிலும், மலையடியில் உள்ள கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இயங்குகின்றன. வண்டியில் செல்லும் ஒவ்வொரு கரும்பும் ஓர் உழவரின் பத்து மாத உழைப்பு என்பதை நாம் அறியாதவர் அல்லர். ஆயினும் அந்த நேரத்தில் நமது உள்ளம் அதையா நினைத்தது? கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இடையில் ஒரு நிறுத்தத்தில், மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு ஒருவர் ஏறினார். மூட்டையை நமது காலருகே திணித்தார். மண் உதிர்ந்து நமது வெள்ளை வேட்டியில் படிந்தது. அன்று நாம் அங்கி அணிந்திருக்கவில்லை. ஆகவே நாம் யார் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் அவர், "கொஞ்சம் தள்ளி உட்காருங்கண்ணா" என்றார்.

சொல்ல வந்த சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. தள்ளி அமர்ந்தோம்.

இதற்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். குருத்துவ வாழ்வை மேற்கொண்டவரை உலகம் முழுவதும் 'சாமி' என்றே அழைக்கிறது. பங்கு மக்கள் அழைக்கிறார்கள், உறவினர் அழைக்கிறார்கள். நமது அன்னையாரே, நாம் குருப்பட்டம் பெற்ற நாள்முதல் இறக்கும்வரை 'சாமி' என்றுதான் அழைத்தார். தம்பியும் அப்படியே. ஆனால் குடித்திருக்கும்போது மட்டும் அவன் 'அண்ணா' என்பான். மாலை ஏழு மணிக்கு மேல் தொலைபேசியில் 'அண்ணா' என்ற குரல் கேட்டால் நமக்கு எல்லாம் விளங்கிவிடும். அதற்குப் பின் வரும் கண்ணீர், பழங்கதை, பணம் வேண்டும் என்ற கோரிக்கை, இனித் தொடமாட்டேன் என்ற சத்தியம், எல்லாம் நமக்கு மனப்பாடம். அந்தச் சொல்லே நமக்கு எரிச்சலாகிவிட்டது. அவன் போன பிறகு நம்மை 'அண்ணா' என்று அழைக்க இவ்வுலகில் எவரும் இல்லை. கிழங்கு மூட்டைக்காரர் அதை அறியமாட்டார்.

கள்ளக்குறிச்சிக்கு வடக்கே செல்லும் சாலையில் மேற்குப் பக்கம் பார்த்தபடி அமர்வது நல்லது. கல்வராயன் மலை நம்மோடு கூடவே வரும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றின் உடன்பிறப்பு. கோமுகி, மணிமுத்தா என்னும் ஆறுகள் அங்கே பிறந்து, அடிவாரத்து அணைகளில் சற்றே தங்கி, பின்னர் வெள்ளாற்றில் கலக்கின்றன. மலைமேல் வாழும் பழங்குடி மக்களை 'மலையாளிகள்' என்பர். மலையை ஆள்பவர் என்றே அதற்குப் பொருள் கொள்வர், கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளலாகாது. நாடு 1947-இல் விடுதலை பெற்ற பின்னும் மூன்று ஜாகீர்தார்களின் கீழ்தான் அம்மலை இருந்தது. 1976-ஆம் ஆண்டில்தான் அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தது. சாமையும் கிழங்கும் கடுக்காயும் தேனும் விளையும் மலை அது. ஆயினும் செய்தித்தாள்களில் அதன் பெயர் பெரும்பாலும் வேறொரு காரணத்துக்காகவே அடிபடுகிறது. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுக் காய்ச்சும் கள்ளச் சாராயமும், காவல் துறையினர் ஊறலை அழித்த செய்தியுமே அக்காரணம். ஒரு சிலரின் தொழிலால் ஒரு மலையின் பெயரே கெட்டுப்போவது எவ்வளவு பெரிய அநீதி!

சங்கராபுரம் பெரிய ஊரன்று. வட்டத் தலைநகர், பேரூராட்சி. இரயில் கிடையாது. சந்தைக்கும் மருத்துவத்துக்கும் பத்திரப் பதிவுக்கும் சுற்றுக் கிராமங்கள் இவ்வூரையே நம்பியுள்ளன. கடைத்தெருவில் நடந்தபோது 2021 அக்டோபர் 26-ஆம் நாள் நினைவுக்கு வந்தது. தீபாவளிக்குச் சில நாள்களே இருந்த அம்மாலையில் இவ்வூரில் பட்டாசுக் கடை ஒன்று தீப்பற்றி வெடித்தது, உயிர்கள் பலியாயின. இன்று அத்தெருவில் காய்கறி விற்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், இருசக்கர வண்டிகள் ஒலியெழுப்புகின்றன. துயரத்தை அடையாளம் காட்ட ஊருக்குத் தனி முகம் இருப்பதில்லை. நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி மகள் நண்பகலில் பணியிலிருந்து வந்தாள். முறுக்கைப் பிரித்துத் தின்றுகொண்டே, தன் ஊர்க்கதைகளைச் சொன்னாள். பேச்சு எப்படியோ 2024 ஜூன் மாதத்தை அடைந்தது. இம்மாவட்டத்தில் அதைத் தவிர்க்க இயலாது. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும், மாதவச்சேரி, சேஷசமுத்திரம் போன்ற சிற்றூர்களிலும் ஜூன் 18-ஆம் நாள் பாக்கெட் சாராயம் அருந்தியவர்கள் மறுநாள் முதல் மடிந்தார்கள். இறந்தோர் எண்ணிக்கை அறுபதைக் கடந்தது. அவர்களில் பெண்களும் இருந்தனர். கூலி வேலை முடிந்து உடல்வலிக்கு என்று குடித்தவர்களே பெரும்பாலோர். தாயையும் தந்தையையும் ஒரே வாரத்தில் இழந்த பிள்ளைகளும் உண்டு.

"அது எப்படிக் கொல்கிறது?" என்று கேட்டோம். அவள் மாணவிக்குப் பாடம் சொல்வதுபோல் நமக்கு விளக்கினாள். சாராயத்தில் போதை தருவது எத்தனால். மெத்தனால் என்பது வார்னிசு, வண்ணப்பூச்சு முதலிய தொழில்களுக்கான கரைப்பான். பார்வைக்கு இரண்டும் தண்ணீர் போலத்தான். மணத்திலும் பெரிய வேற்றுமை இல்லை. உடலுக்குள் சென்றதும் மெத்தனாலை ஈரல் முதலில் பார்மால்டிஹைடாகவும் பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் இரத்தத்தைக் கெடுக்கிறது. கண் நரம்பைத் தாக்குகிறது. ஆகவேதான் பிழைத்தவர்களிலும் சிலர் பார்வையை இழக்கிறார்கள்.

"இதுல பெரிய ஆபத்து என்ன தெரியுமா பெரியப்பா? குடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது. பல மணி நேரம் கழிச்சுத்தான் தலைவலி, வாந்தி, வயித்துவலி, கண் மங்கல். வீட்டில இருக்கிறவங்க, வழக்கம்போல போதைன்னு நினைச்சுப் படுக்க வச்சிடுவாங்க. தெளிஞ்சிடும்னு விட்டுடுவாங்க. அந்த நேரத்துலதான் உயிர் போகுது."

வழக்கம்போல என்று நினைத்துவிடுவது! இச்சொற்களைக் கேட்டபின் நாம் நெடுநேரம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அவளுக்கும் நமக்கும் தெரிந்த ஒன்று எங்கள் நடுவில் அமர்ந்திருந்தது.

அதையும் சொல்லிவிடுகிறோம். தம்பி குடித்தது மலைச் சாராயம் அன்று. கடையில் விலை கொடுத்து வாங்கிய மது. மெத்தனால் ஓர் இரவில் செய்வதை அது பதினைந்து ஆண்டுகளில் செய்தது. 2018-இல் ஒரு சனிக்கிழமை மாலை. நாம் ஞாயிறு மறையுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். மேசைமேல் கைப்பேசி ஒலித்தது. தம்பியின் எண். மணி ஏழரை. வழக்கம்போல என்று எண்ணினோம். மூன்று முறை ஒலித்தது. மூன்றாம் முறை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதலானோம். திங்கட்கிழமை அவன் இரத்த வாந்தி எடுத்தான். நாம் மருத்துவமனையை அடைந்தபோது அவனால் பேச முடியவில்லை. மறுநாள் விடியுமுன் இறந்தான். அடக்கம் முடிந்த பிறகு அவன் மனைவியிடம் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டோம்.

"அன்னிக்கு அவரு குடிக்கல சாமி. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஊர்ல நல்ல மழை. அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டாரு" என்றார்.

வாசகர்களே, நாம் பெரியோர் வரலாறுகளைப் படிப்பதில் விருப்பமுடையவர். மதுவிலக்கைப் பற்றி மறையுரை ஆற்றும்போதெல்லாம் இராஜாஜியைச் சொல்லாமல் விட்டதில்லை. முப்பது வயதுகளிலேயே மனைவியை இழந்து, மறுமணம் செய்யாமல் ஐந்து குழந்தைகளை வளர்த்தவர் அவர். 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகில் காந்தி ஆசிரமம் தொடங்கி, குடியால் நலிந்த ஏழைகளிடையே வாழ்ந்தார். மதுவிலக்கைப் பரப்புவதற்கென்றே 'விமோசனம்' என்னும் பத்திரிகையை நடத்தினார். எழுத்தாளர் கல்கி அதில் அவருக்குத் துணையாயிருந்தார். சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானதும் 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இம்மலையின் மேற்குச் சரிவு அச்சேலத்தைச் சேர்ந்ததே. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைப் புகுத்தினார். அவ்வரி நிலைத்துவிட்டது, மதுவிலக்குத்தான் நிலைக்கவில்லை.

அவருடைய எல்லாச் செயல்களையும் நாம் ஏற்பவர் அல்லோம். 1953-இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை மக்கள் எதிர்த்தது நியாயமே. ஆயினும், 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தப்போகிறார்கள் என்று அறிந்ததும், 92 வயதில், மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் இல்லம் தேடிச் சென்று, வேண்டாம் என்று மன்றாடினாரே, அக்காட்சியை எத்தனை முறை எண்ணினாலும் நெஞ்சம் உருகும். கேட்டது கிடைக்கவில்லை. மறு ஆண்டு டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு நாளன்று அவர் காலமானார்.

நமது பழைய தென்னாற்காடு மாவட்டத்து மண்ணின் மைந்தர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரையும் சொல்ல வேண்டும். 1947 முதல் 1949 வரை மாகாணத்தின் முதல்வராயிருந்த உழவர் அவர். மதுவிலக்கை 1948-இல் மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கியவர். பதவி போனபின் வடலூருக்குச் சென்று எளிய தொண்டில் வாழ்நாளைக் கழித்தார். நமது காலத்திலேயே சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள் இருந்தார். பட்டினி கிடந்தார், ஊர் ஊராக நடந்தார். 2015 ஜூலை 31-ஆம் நாள், குமரி மாவட்டத்தில் உண்ணாமலைக்கடை என்னும் ஊரில், ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தின் மேல் ஏறிப் போராடியபோது உயிர் துறந்தார்.

இவர்களைப் பற்றி நாம் பேசியபோதெல்லாம் மக்கள் கண்கலங்கிக் கேட்டார்கள். நமக்கும் ஒரு நிறைவு இருந்தது. தம்பி இறந்த பிறகு, பெயர் சொல்லாமல் அவனையும் அவ்வுரைகளில் சேர்த்துக்கொண்டோம். 'நமக்குத் தெரிந்த ஒருவர்' என்று தொடங்குவோம். ஆனால் அந்தச் சங்கராபுரத்து நண்பகலில் ஓர் உண்மை நமக்கு உறைத்தது. 92 வயது முதியவர் மழையில் நடந்து சென்றதை வியந்து பேசிய நாம், ஒரு சாண் தூரத்தில் இருந்த கைப்பேசிக்குக் கை நீட்டவில்லை. மகான்களை வணங்குவதற்குச் செலவே இல்லை. வீட்டில் உள்ளவனைச் சகிப்பதற்கே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதனைத் தம்பி மகளிடம் ஒருவாறு சொன்னோம். மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் இருந்தது. அவள் தட்டை எடுத்துவைத்துவிட்டு வந்து அமர்ந்தாள்.

"நானும்தான் பெரியப்பா. அவர் கூப்பிட்டா எடுக்காம இருந்திருக்கேன். ஹாஸ்டல்ல மத்த பொண்ணுங்க முன்னாடி வெட்கமா இருக்கும்" என்றாள். பிறகு, "ஒண்ணு கேட்கட்டுமா? அப்பாவைப் பிரசங்கத்துல சொல்லாதீங்க" என்றாள்.

நாம் திடுக்கிட்டோம். எந்த ஊரில் பேசியதை யார் அவளுக்குச் சொன்னார்களோ! "பெயர் சொல்லவில்லையே, அம்மா" என்றோம்.

"பேர் சொல்லலைதான். குடிச்சதை மட்டும்தானே சொல்றீங்க? அவர் அது மட்டும் இல்லையே" என்றாள்.

மலையடிவாரத்துக்கு மாலையில் அழைத்துச் சென்றாள். அறுவடை முடிந்த வயல்களில் ஆடுகள் மேய்ந்தன. மலை நீலமாகி, பின் கறுத்தது. மேலே எங்கோ ஒரு விளக்கு எரிந்தது. அவ்வழியே வந்த மலைவாழ் பெண்கள் இருவர் அவளை நிறுத்தி, ஒரு குழந்தையின் காய்ச்சலைப் பற்றிக் கேட்டார்கள். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள், அவர்கள் மீண்டும் கேட்டார்கள், மீண்டும் சொன்னாள். நமக்கோ கடைசிப் பேருந்தின் கவலை. அவள் மூன்றாம் முறையும் முதல் முறை போலவே சொன்னாள். அந்தப் பொறுமை நம் குடும்பத்தில் யாரிடமிருந்து வந்தது என்று யோசித்தோம். நம்மிடமிருந்து அன்று.

ஆகவே, இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டோம். எழுதலாம், ஆனால் வேர்க்கடலைக் கதையையும் எழுத வேண்டும் என்று நிபந்தனை விதித்தாள். எழுதுகிறோம்.

நாம் சிறு குருமடத்தில் சேர்ந்த ஆண்டு. தம்பிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். வீட்டு நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிய நாளன்று, அன்னையார் வறுத்துக் கொடுத்ததை மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு, தந்தையாரின் பெரிய மிதிவண்டியில் குரங்குப் பெடல் போட்டு இருபது கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டான். அன்று வார நாள், பார்வையாளருக்கு அனுமதியில்லை. பையைக் காவற்காரரிடம் கொடுத்துவிட்டு, வாசலில் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினான். நமக்கு மாலையில்தான் பை கிடைத்தது. அடியில் ஒரு துண்டுக் காகிதம். 'அண்ணா, எல்லாருக்கும் கொடு' என்று எழுதியிருந்தான். அவன் குடிக்காமலே நம்மை அண்ணா என்றழைத்த காலம் அது.

கடைசிப் பேருந்தில் திரும்பினோம். கூட்டம் நெருக்கியது. யாரோ கைப்பேசியில் பழைய பாட்டு ஒன்றை உரக்க ஒலிக்கவிட்டார்கள். எரிச்சல் வரவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வந்தது, ஆனால் தங்கவில்லை. பங்கு இல்லத்தை அடைந்தபோது மணி பத்தரை. கதவைத் திறக்குமுன் கைப்பேசி ஒலித்தது.

"வந்து சேர்ந்துட்டீங்களா, பெரியப்பா?" என்றாள் தம்பி மகள். வேறு செய்தி ஒன்றும் இல்லை. சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நடத்துநர் மிச்சம் கொடுத்தாரா என்று கேட்டாள். அதை வாங்க மறந்தே போயிருந்தோம்.

உங்கள் இல்லத்திலும் இரவு வேளைகளில் ஒரு தொலைபேசி ஒலிக்கலாம், வாசகர்களே. யார், எதற்கு என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கலாம். எடுத்துக் கேளுங்கள். ஒருவேளை, ஊரில் மழை பெய்கிறது என்று சொல்வதற்காகவும் இருக்கலாம்.